டிசைன் மென்பொருளில் ஃபைல் விட்டு ஃபைல் வேகமாக மாறுவது: ஊட்டி சீசன் வேலைக்கு ஒரு முழு வழிகாட்டி

ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டியிலும் குன்னூரிலும் டிசைன் வேலை பார்ப்பவர்களின் திரையில் ஒரே ஒரு ஃபைல் மட்டும் திறந்திருப்பது அபூர்வம். தேயிலைப் பாக்கெட்டுக்கு லேபிள் என்று ஒரு பார்ட்டி வந்தால், அது ஒன்றோடு நிற்காது. கேரளாவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் வருகிறவர்கள் வாங்கும் சரக்கு என்பதால் தமிழ், ஆங்கிலம், மலையாளம், கன்னடம் என நான்கு மொழியிலும் கேட்பார்கள். 100 கிராம், 250 கிராம், 500 கிராம் என்று அளவு வேறு. சாக்லேட் பெட்டி, தைல பாட்டில், வர்க்கி பாக்கெட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மேலே தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, ரோஜாப் பூங்காவில் ரோஜாக் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி என்று வரிசையாக வரும்போது, கடை போடுகிறவர்களுக்கு ஒரே பேனர், இடமும் தேதியும் மட்டும் மாற்றி வேண்டும்.

இந்த மாதிரி வேலையில் வரைவதற்கு ஆகும் நேரத்தைவிட, ‘அந்தக் கன்னட ஃபைல் எங்கே போச்சு’ என்று தேடுவதற்கு ஆகும் நேரம் அதிகம். அதைவிட மோசம், மாறிவிட்டோம் என்று நினைத்து வேறு ஃபைலில் கை வைப்பது. 250 கிராம் லேபிளில் போட வேண்டிய விலை 500 கிராமில் ஏறி, பிளேட் போட்ட பிறகு தெரிந்தால் காகிதமும் போச்சு, பார்ட்டியின் நம்பிக்கையும் போச்சு.

ஷார்ட்கட் பட்டியல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்தும் வேகம் வராததற்குக் காரணம், மாறிய பிறகு கண் தேட வேண்டியிருப்பதுதான். எந்த ஃபைல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விசையைத் தொடும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதனால் விசைகளுக்கு முன்னால் வரிசையிலிருந்து தொடங்குவோம்.

முதல் படி: பெயரும் வரிசையும்

ஃபோட்டோஷாப்பில் கேன்வாசுக்கு மேலே ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு டேப் நிற்கும். 2008-இல் வந்த சிஎஸ்4 பதிப்பிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. அந்த டேப்பில் ஃபைலின் பெயர், ஸூம் சதவீதம், தேர்ந்தெடுத்த லேயரின் பெயர், வண்ண முறை எல்லாம் ஒரே வரியில் வரும். ஐந்தாறு ஃபைல் திறந்தாலே இடம் போதாமல் கடைசி டேப்கள் மறைந்துவிடும். வலது ஓரத்தில் ஓர் இரட்டை அம்புக்குறி தோன்றும். அதைச் சொடுக்கினால் மறைந்தவற்றின் பட்டியல் கிடைக்கும்.

ஆகவே பெயரில் மாறுகிற சங்கதி முன்னால் வரட்டும். ‘நீலகிரி டீ லேபிள் பைனல் கன்னடம் 250’ என்று வைத்தால், நான்கு டேப்பும் ‘நீலகிரி டீ’ என்றே தொடங்கும். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். ‘1 தமிழ் 250’, ‘2 ஆங்கி 250’, ‘3 மலை 250’, ‘4 கன்ன 250’ என்று வையுங்கள். முன்னால் எண் இருப்பதால் ஃபோல்டரிலும் இதே வரிசையில்தான் நிற்கும். ‘பைனல்’, ‘பைனல் புதுசு’, ‘பைனல் ஓகே’ என்று பெயர் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. திருத்தம் எத்தனையாவது என்பதைக் கடைசியில் எண்ணாகச் சேர்த்தால் போதும்.

திறந்த பிறகும் வரிசை மாற்றலாம். டேப்பைப் பிடித்து இடமோ வலமோ இழுத்து விடுங்கள். ஓயாமல் மாறி மாறிப் பார்க்க வேண்டிய இரண்டு ஃபைலை அடுத்தடுத்து வைப்பதுதான் இதில் முக்கியம். மூலமாக வைத்திருக்கும் தமிழ் லேபிள் எப்போதும் இடது ஓரத்தில் முதலாவதாக நிற்கட்டும். எந்த வேலையானாலும் மூலம் இடது ஓரம் என்று ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டால், அடுத்த சீசனில் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தாலும் தடுமாற மாட்டார்.

இன்னொன்று: ஃபோட்டோஷாப்பில் சிலருக்கு ஒவ்வொரு ஃபைலும் தனித்தனி ஜன்னலாக மிதந்துகொண்டு திறக்கும். பிரிஃபரன்சஸ் பகுதியில் ‘ஓபன் டாக்குமென்ட்ஸ் ஆஸ் டேப்ஸ்’ என்ற பெட்டியில் டிக் போடுங்கள். ஏற்கெனவே மிதக்கும் ஜன்னல்களை ஒன்றுசேர்க்க விண்டோ மெனுவில் ‘அரேஞ்ச்’, அதற்குள் ‘கன்சாலிடேட் ஆல் டு டேப்ஸ்’.

இரண்டாம் படி: கையில் ஏற வேண்டிய ஒரே ஜோடி

ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல் + டேப் அடுத்த ஃபைலுக்குப் போகும். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டேப் முந்தைய ஃபைலுக்குத் திரும்பும். மேக் கணினியிலும் கமாண்ட் விசையை விட்டுவிட்டு, கன்ட்ரோலோடுதான் டேப்பை அழுத்த வேண்டும்.

பலரும் முதல் விசையை மட்டும் கற்றுக்கொள்கிறார்கள். எட்டு ஃபைல் திறந்திருக்கும்போது ஒன்று பின்னால் போவதற்கு ஏழு முறை தட்டிச் சுற்றி வருகிறார்கள். ஷிஃப்ட் சேர்த்த திரும்பும் விசைதான் உண்மையில் நேரத்தை மிச்சப்படுத்துவது. இடது சுண்டுவிரல் கன்ட்ரோலில் இருக்கட்டும். மோதிர விரலோ நடுவிரலோ டேப் விசையைத் தட்டட்டும். திரும்பும்போது சுண்டுவிரலைக் கொஞ்சம் சாய்த்தால் பெரும்பாலான கீபோர்டுகளில் கன்ட்ரோலும் ஷிஃப்டும் சேர்ந்து அழுந்தும். வலது கை மவுசை விட்டு நகரவே வேண்டாம்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். விண்டோசின் ஆல்ட் + டேப், கடைசியாக எதைப் பார்த்தீர்களோ அதற்குத்தான் முதலில் போகும். ஃபோட்டோஷாப்பின் கன்ட்ரோல் + டேப் அப்படியில்லை. டேப்கள் நிற்கும் வரிசையிலேயே நடக்கும், கடைசி டேப் வந்ததும் முதலாவதற்குச் சுற்றிக்கொள்ளும். முதல் படியில் வரிசைக்கு அவ்வளவு நேரம் செலவிட்டதன் காரணம் இதுதான். வரிசை மனதில் இருந்தால் ‘வலப்பக்கம் இரண்டு’ என்று விரலே போய்விடும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் மவுசால் டேப்பைச் சொடுக்குவதை ஒரு வாரம் முழுமையாக நிறுத்திவிடுங்கள். முதல் நாள் எரிச்சலாக இருக்கும். வார முடிவில் விரல் தானாகப் போகும்.

மற்ற மென்பொருள்களில்

நம் பக்கத்து பிரஸ்களில் கோரல்டிரா இல்லாத கணினி குறைவு. 2014-இல் வந்த எக்ஸ்7 பதிப்பிலிருந்து கோரலிலும் ஃபைல்கள் டேப்களாக நிற்கின்றன. அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்கள் விண்டோ மெனுவைத் திறந்தால் அடியில் திறந்திருக்கும் ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். இந்த மெனு வழி ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் எல்லாவற்றிலும் உண்டு. ஷார்ட்கட் எதுவும் ஞாபகம் வராதபோது கைகொடுக்கும். கோரலிலும் கன்ட்ரோல் + டேப்பைத்தான் முதலில் அழுத்திப் பாருங்கள்.

கோரலில் ஓர் எச்சரிக்கை. பிரவுசரில் கன்ட்ரோல் + பேஜ் டவுன் அழுத்தி டேப் மாற்றிப் பழகியவர்கள் அதே விசையை இங்கே அழுத்திவிடுவார்கள். கோரலில் அது தேர்ந்தெடுத்த பொருளை ஒரு படி பின்னுக்குத் தள்ளும் கட்டளை. திரையில் பெரிதாக ஒன்றும் மாறியதுபோல் தெரியாது. ஆனால் லோகோ பின்னணிக்கு அடியில் போய் ஒளிந்திருக்கும். வெறும் பேஜ் டவுன் மட்டும் அழுத்தினால் ஒரே ஃபைலின் அடுத்த பக்கத்துக்குப் போகும். அது ஆபத்தில்லாதது, உபயோகமானதும்கூட.

இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல் + எஃப்6 அடுத்த ஃபைல், ஷிஃப்ட் சேர்த்தால் முந்தையது. மேக்கில் கமாண்ட் விசையோடு, எஸ்கேப்புக்குக் கீழே 1-க்கு இடப்பக்கம் இருக்கும் விசை. லேப்டாப்பில் எஃப்6 அழுத்தினால் ஒலியோ வெளிச்சமோ மாறுகிறதென்றால் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்று விசை என்பது கைக்கு வலி. இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + கே அழுத்தினால் ஷார்ட்கட் மாற்றும் பெட்டி திறக்கும். அதில் உங்கள் கைக்குத் தோதான வேறு விசையைக் கொடுத்துக்கொள்ளலாம்.

இன்க்ஸ்கேப்பில் ஒவ்வொரு ஃபைலும் தனி ஜன்னல். அங்கும் கன்ட்ரோல் + டேப் திறந்த வரிசையில் சுற்றி வரும்.

ஜிம்ப் பயன்படுத்துகிறவர்களுக்கு நேராகப் போகும் வழி இருக்கிறது. ஆல்ட் + 1 முதல் படம், ஆல்ட் + 2 இரண்டாவது என்று எண்ணைத் தட்டினால் போதும், சுற்றி வர வேண்டியதில்லை. 2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து எல்லாம் ஒரே ஜன்னலில் திறப்பது இயல்பான அமைப்பாகிவிட்டதால், மேலே சின்னச் சின்னப் படங்களாகவும் தெரியும். இதில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மட்டும் ஒரு தொல்லை உண்டு. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் என்எச்எம் ரைட்டர் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் தமிழ் விசைப்பலகை மாற்ற ஆல்ட் + எண்ணைத்தான் கேட்கும். படம் மாறாமல் தமிழ் எழுத்து மாறிவிடும். ஜிம்பில் வேலை செய்யும் நேரத்துக்கு ரைட்டரை மூடி வையுங்கள்.

கான்வா போல பிரவுசரில் வேலை செய்தால் விஷயம் சுலபம். கன்ட்ரோல் + 1 முதல் 8 வரை அந்தந்த இடத்து டேப், கன்ட்ரோல் + 9 கடைசி டேப். தவறி மூடியதைத் திரும்பக் கொண்டுவர கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி.

மூன்றாம் படி: இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது

ஒப்பிட்டுச் சரிபார்க்கிற வேலைக்கு மாறி மாறித் தட்டுவது சரிப்படாது. இரண்டு ஃபைலும் ஒரே நேரத்தில் கண்முன் நிற்க வேண்டும்.

தமிழ் லேபிளையும் மலையாள லேபிளையும் ஒப்பிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கத்தில் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்கிறது. 14 இலக்கம். இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் இப்படிச் செய்யுங்கள்:

1. இந்த இரண்டு ஃபைலைத் தவிர மற்றவற்றைச் சேவ் செய்து மூடிவிடுங்கள்.
2. விண்டோ மெனு, அரேஞ்ச், அதில் ‘2-அப் வெர்டிகல்’. திரை இரண்டாகப் பிரிந்து பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும்.
3. தமிழ் ஃபைலில் ஒரு முறை சொடுக்கி, உரிம எண் தெளிவாகத் தெரியும்வரை பெரிதாக்குங்கள்.
4. மறுபடி அரேஞ்ச் போய் ‘மேட்ச் ஆல்’ கொடுங்கள். மற்ற ஃபைலும் அதே ஸூமில், அதே இடத்தில் வந்து நிற்கும்.
5. இனி ஷிஃப்டையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மவுசால் இழுத்தால் இரண்டும் ஒன்றாக நகரும்.

இந்த ஐந்தாவதை ஒருமுறை செய்து பார்த்தவர்கள் பழைய முறைக்குத் திரும்ப மாட்டார்கள். எண்ணை நான்கு நான்கு இலக்கமாகப் பிரித்து, இடது, வலது, இடது, வலது என்று வாய்விட்டுப் படியுங்கள். அடுத்து நிகர எடை. அடுத்து பச்சைப் புள்ளி சதுரம். அப்புறம் விலை, பேக் செய்த தேதிக்கான இடம். லேபிளின் நான்கு மூலையும் ஒரே வேகத்தில் முடிந்துவிடும். நான்கு மொழிக்கும் சேர்த்துப் பார்க்க ‘4-அப்’ வசதியும் உண்டு. ஆனால் 15 அங்குல லேப்டாப் திரையில் ஒவ்வொன்றும் சுருங்கிப்போய் எண் படிக்க முடியாது. இரண்டிரண்டாகப் பார்ப்பதே நல்லது.

‘மேட்ச் ஆல்’ சரியாக வேலை செய்ய, ஃபைல்களின் அளவும் ரெசல்யூஷனும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 300, மற்றது 150 என்றிருந்தால் ஸூம் ஒன்றானாலும் காட்சி பொருந்தாது. ஆகவே மொழி லேபிள்களை எப்போதும் மூல ஃபைலை ‘சேவ் ஆஸ்’ கொடுத்தே உருவாக்குங்கள். புது ஃபைல் திறந்து அளவு போடாதீர்கள்.

கோரலில் விண்டோ மெனுவில் ‘டைல் வெர்டிக்கலி’, இல்லஸ்ட்ரேட்டரில் அரேஞ்ச் மெனுவில் ‘டைல்’. இந்த இரண்டும் பக்கத்தில் வைக்கும். ஸூமை நீங்களேதான் ஒப்பாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஃபைலை இரண்டு ஜன்னலில் திறக்கவும் முடியும். ஃபோட்டோஷாப்பில் அரேஞ்ச் மெனுவின் அடியில் ‘நியூ விண்டோ ஃபார்’ என்று ஃபைலின் பெயரோடு இருக்கும். ஒன்றை 300 சதவீதத்தில் வைத்து எழுத்தின் ஓரத்தைச் சரி செய்யலாம். இன்னொன்றில் முழு லேபிளும் தெரியும். செய்கிற மாற்றம் இரண்டிலும் உடனுக்குடன் வரும். ஸூம் இன், ஸூம் அவுட் என்று அல்லாடுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

நான்காம் படி: ஒன்றிலிருந்து மற்றதற்கு எடுத்துப் போவது

மாறுவதே பெரும்பாலும் எதையாவது எடுத்துப் போகத்தான். லோகோவைப் புதிதாக மாற்றிவிட்டார்கள், அது நான்கு ஃபைலிலும் அதே இடத்தில் உட்கார வேண்டும்.

ஃபோட்டோஷாப்பில் மூவ் டூலால் லேயரைக் கேன்வாசிலிருந்து பிடித்து, விடாமல் மற்ற ஃபைலின் டேப் மேல் கொண்டுபோய் ஒரு நொடி நிறுத்துங்கள். அந்த ஃபைல் திறக்கும். அப்படியே கேன்வாசுக்குள் இறக்கி விடுங்கள். டேப் மேலேயே விட்டுவிட்டால் எதுவும் நடக்காது, பலர் தவறுவது இங்கேதான். விடும்போது ஷிஃப்ட் அழுத்தியிருந்தால், இரண்டு ஃபைலும் ஒரே பிக்சல் அளவாக இருக்கும்பட்சத்தில் லேயர் பழைய இடத்திலேயே போய் உட்காரும். அளவு வேறானால் நடுவில் வரும்.

இழுப்பது கைக்கு வராதவர்களுக்கு வேறு வழி: லேயர்ஸ் பேனலில் அந்த லேயரின் மேல் வலது சொடுக்கு, ‘டூப்ளிகேட் லேயர்’, வரும் பெட்டியில் ‘டாக்குமென்ட்’ என்ற இடத்தில் போக வேண்டிய ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். ஃபைல் மாறவே வேண்டாம், லேயர் போய்ச் சேர்ந்துவிடும். நான்கு ஃபைலுக்கு அனுப்ப நான் இதையே சிபாரிசு செய்வேன். இழுக்கும்போது ஒரு பிக்சல் தள்ளிப்போகும் கவலை இதில் இல்லை.

காப்பி, பேஸ்ட் செய்கிறவர்கள் ‘பேஸ்ட் இன் பிளேஸ்’ பழகிக்கொள்ள வேண்டும். ஃபோட்டோஷாப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + வி. இன்டிசைனில் அதோடு ஆல்ட்டும் சேரும். இன்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல் + ஆல்ட் + வி. சாதாரண பேஸ்ட் திரையின் நடுவில் கொண்டுவந்து போடும். இது மூல ஃபைலில் இருந்த அதே இடத்தில் வைக்கும்.

தமிழ் எழுத்தை எடுத்துப் போகும்போது கூடுதல் கவனம் வேண்டும். பழைய ஃபைல்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அதை யூனிகோடு எழுத்துரு வைத்த ஃபைலில் பேஸ்ட் செய்து எழுத்துருவை மாற்றினால் தமிழ் போய் ஆங்கில எழுத்துகளாக உளறும். இரண்டும் வேறு வேறு குறியேற்றம் என்பதால் எழுத்துரு மாற்றிச் சரி செய்ய முடியாது. மாற்றி மென்பொருளில் யூனிகோடாக்கிய பிறகுதான் கொண்டுபோக வேண்டும். யூனிகோடாகவே இருந்தும் ‘கொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், அது அந்த ஃபைலின் பத்தி அமைப்பில் உள்ள கோளாறு. இன்டிசைனில் பாராகிராஃப் பேனலின் மெனுவில் ‘வேர்ல்ட் ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸ், டைப் பகுதியில் ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ டிக் செய்துவிட்டுப் பாராகிராஃப் பேனலில் தெற்காசிய கம்போசரைக் கொடுங்கள். மலையாளத்துக்கும் கன்னடத்துக்கும் இதே விதிதான். நமக்குப் படிக்கத் தெரியாத மொழியில் எழுத்து உடைந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது என்பதால், அந்த ஃபைல்களில் முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள். அச்சுக்கு முன் அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் விடாதீர்கள். கூடலூர்ப் பக்கம் மலையாளம் படிக்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

ஐந்தாம் படி: மாறவே தேவையில்லாமல் செய்வது

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதுதான் வேகம்.

நான்கு மொழி லேபிளும் ஒரே அளவு என்றால் இல்லஸ்ட்ரேட்டரில் நான்கு ஃபைல் எதற்கு? ஒரே ஃபைலில் நான்கு ஆர்ட்போர்டு (தனித்தனிப் பக்கம் மாதிரி) போடுங்கள். ஆர்ட்போர்ட்ஸ் பேனலில் பெயரை விட்டு, அதன் பக்கத்திலுள்ள எண்ணை இருமுறை சொடுக்கினால் அந்த ஆர்ட்போர்டு திரை நிறைய வந்து நிற்கும். கோரலில் நான்கு பக்கம் போடுங்கள், பேஜ் அப், பேஜ் டவுனில் மாறலாம். கண்காட்சி பேனர்களுக்கும் இது பொருந்தும். ஒரு பக்கம் மலர், ஒரு பக்கம் பழம், ஒரு பக்கம் காய்கறி.

பொதுவாக வரும் பகுதியை, அதாவது லோகோ, முகவரி, உரிம எண், பச்சைப் புள்ளி எல்லாவற்றையும் ஒரு தனி ஃபைலாக வைத்து, மற்ற ஃபைல்களில் ‘பிளேஸ் லிங்க்டு’ மூலம் இணையுங்கள். ஃபோட்டோஷாப்பில் ஃபைல் மெனுவில் இருக்கிறது. இல்லஸ்ட்ரேட்டரில் பிளேஸ் செய்யும்போது ‘லிங்க்’ பெட்டியில் டிக் போட வேண்டும். இன்டிசைனில் பிளேஸ் செய்தாலே இணைப்புதான். மூலத்தில் ஒருமுறை திருத்தினால் இணைத்த இடங்களிலெல்லாம் புதுப்பித்துக்கொள்ளலாம். பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது அந்தத் தனி ஃபைலையும் சேர்த்து அனுப்ப மறக்கக் கூடாது. இன்டிசைனிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் ‘பேக்கேஜ்’ கொடுத்தால் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்துத் தரும்.

100 கிராமுக்கும் 500 கிராமுக்கும் லேபிள் அளவே வேறு என்றால் அவற்றைத் தனித்தனி ஃபைலாகவே வைத்திருப்பது நல்லது. அச்சகத்தில் ஒரே ஃபைலுக்குள் பல அளவு கொடுத்தால் எதை எத்தனை பிரதி என்பதில் குழப்பம் வரும்.

இரண்டு மென்பொருளுக்கு நடுவில்

படத்தை ஃபோட்டோஷாப்பில் சுத்தம் செய்து கோரலில் வைப்பது அன்றாட வேலை. ஆல்ட் + டேப்பை ஒருமுறை தட்டி விட்டால் கடைசியாக இருந்த மென்பொருளுக்குப் போகும், மறுபடி தட்டினால் திரும்பும். வாட்ஸ்அப்பும் பிரவுசரும் இடையில் நுழைந்தால் இந்த ஒழுங்கு கெட்டுவிடும். அதற்கு விண்டோஸ் விசையோடு எண் நல்லது. டாஸ்க்பாரில் முதலில் ஃபோட்டோஷாப், இரண்டாவதாக கோரல் என்று பின் செய்து வைத்தால் விண்டோஸ் + 1, விண்டோஸ் + 2 எப்போதும் அதற்கே போகும்.

இரண்டாவது மானிட்டர் இருந்தால் விண்டோஸ் + ஷிஃப்ட் + அம்புக்குறி அந்த ஜன்னலை அடுத்த திரைக்குத் தள்ளிவிடும். பார்ட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பும் முகவரி, விலை, போன் எண்ணை ஒவ்வொன்றாக எடுத்துவர ஐந்து முறை போய் வராதீர்கள். விண்டோஸ் + வி அழுத்தி கிளிப்போர்டு வரலாற்றை ஒருமுறை இயக்கிவிட்டால், எல்லாவற்றையும் அங்கேயே அடுத்தடுத்துக் காப்பி செய்துகொண்டு வந்து, இங்கே ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துப் போடலாம்.

மெமரியும் மின்சாரமும்

ஃபைல் மாறும்போது திரை ஒரு நொடி உறைகிறதென்றால் மெமரி போதவில்லை. 10 அடிக்கு 4 அடி ஃபிளெக்ஸ், 72 ரெசல்யூஷன் என்றால் 8640 × 3456 பிக்சல். அச்சுக்கான நான்கு வண்ண சிஎம்ஒய்கே முறையில் ஒரு லேயருக்கே சுமார் 119 எம்பி. ஏழெட்டு லேயரோடு இப்படி நான்கு ஃபைல் திறந்தால் 8 ஜிபி ரேம் திணறும். அந்த ஃபைல்கள் டேப்பில் சும்மா நின்றாலும் மெமரியை விடாது. முடிந்ததைக் கன்ட்ரோல் + டபிள்யூ கொடுத்து மூடிக்கொண்டே வாருங்கள். புதிய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் ஃபைல் மெனுவின் ‘க்ளோஸ் அதர்ஸ்’, கையிலிருப்பதை விட்டு மற்றவற்றை மூடும்.

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் மரம் விழும், லைன் போகும், நீலகிரியில் இது வருடா வருடம் நடப்பது. அதனால் ஒரு ஃபைலை விட்டு அடுத்ததற்குப் போகும் முன் கன்ட்ரோல் + எஸ் தட்டிவிட்டுப் போவதை ஒரே அசைவாகப் பழகுங்கள். சேவ் ஆகாத ஃபைலின் டேப்பில் பெயரை ஒட்டி ஒரு நட்சத்திரக் குறி தெரியும். டேப் வரிசையில் நட்சத்திரம் ஒன்றுக்கு மேல் இருந்தால் உடனே போய்ச் சேவ் செய்யுங்கள். ஃபோட்டோஷாப் தானாக மீட்புத் தகவலைச் சேமிப்பது இயல்பில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை. பிரிஃபரன்சஸ், ‘ஃபைல் ஹேண்ட்லிங்’ பகுதியில் அதை 5 நிமிடமாக மாற்றுங்கள். யுபிஎஸ் இருந்தாலும் செய்யுங்கள்.

விசை வேலை செய்யாதபோது

முதலில் ஏதாவது பெட்டி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபோட்டோஷாப்பில் ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்ம் முடிக்காமல் பாதியில் நின்றாலும் ஃபைல் மாறாது. என்டர் கொடுத்து முடித்துவிட்டு மாறுங்கள். எழுத்து அடித்துக்கொண்டிருந்தால் கன்ட்ரோல் + என்டர் கொடுத்து வெளியே வாருங்கள். தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால் வி, டி போன்ற ஒற்றை எழுத்து டூல் விசைகள் எதுவும் கேட்காது. தமிழில் அடித்து முடித்ததும் ஆங்கிலத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் அடுத்த ஃபைலுக்குப் போக வேண்டும். விண்டோசின் தமிழ் விசைப்பலகை என்றால் விண்டோஸ் + ஸ்பேஸ்.

இவ்வளவும் பார்த்தும் மாறவில்லையென்றால், திறந்திருப்பது ஒரே ஒரு ஃபைல்தானா என்று விண்டோ மெனுவின் அடியில் பாருங்கள். மற்ற ஃபைல்கள் அந்த மென்பொருளின் இன்னொரு பதிப்பில் திறந்திருக்கக்கூடும். பழைய கோரலும் புதிய கோரலும் ஒரே கணினியில் இருக்கும் பிரஸ்களில் இது அடிக்கடி நடக்கும். ஒரு பதிப்பின் கன்ட்ரோல் + டேப் மற்ற பதிப்பில் திறந்த ஃபைலைத் தொடாது. அந்த வேலைக்கான ஃபைல்களை ஃபோல்டரில் இருமுறை சொடுக்கித் திறக்காமல், எந்தப் பதிப்பில் வேண்டுமோ அதற்குள் போய் கன்ட்ரோல் + ஓ கொடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்துத் திறங்கள்.